புறங்காட்டும் ஆசிரியர்

போர்க்களத்திற் புறங்காட்டுதலைப் பேரிழிவாகக் கொள்வது தமிழர் மரபு. மகன் புறங்கொடுத்தான் என்று பலர் கூறக் கேட்டு, வாளொடு களம் புகுந்த முதியவளைப் பற்றிய புறநானூற்றுப் பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். வகுப்பறை ஒழுக்கமும் இதற்கு வேறுபட்டதன்று. மாணவரை நேர்முகமாக நோக்கி நின்று உரைப்பவரே ஆசிரியர். கரும்பலகையில் எழுதுவதற்காக அவர் சற்றுத் திரும்பும் வேளையிலேதான் பின்வரிசையிற் குறும்புகள் தலைதூக்கும். சீன நாட்டு நகரப் பூங்காக்களில் வைகறைதோறும் நிகழ்ந்துவரும் ஒரு கல்வியிலோ இம்முறை தலைகீழாகின்றது. அங்கே ஆசிரியர் தம் முதுகையே மாணவர்க்குக் காட்டி நிற்கின்றார். அவர் திரும்பி நின்று முகங்காட்டினால் அவருடைய வலக்கை மாணவனின் கண்ணுக்கு இடப்பக்கத்ததாகிவிடும், கற்பவன் தடுமாறுவான். ஆதலாற் புறங்காட்டுதலே அங்கு ஆசிரியர் செய்யும் முதலாவது உபகாரமாகும்.

தாய்ச்சி என்றும் சிகொங் என்றும் வழங்கும் பயிற்சிகளே ஈண்டுக் கருதப்படுவன. இவ்விரண்டும் ஒன்றல்ல. தாய்ச்சி சுவான் என்பதே முன்னையதன் முழுப்பெயர். ‘சுவான்’ என்ற ஈறு முட்டியை, அதாவது கைச்சண்டையைக் குறிப்பது. மெல்லென அசையும் முதியோரைக் காண்பவர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஆயினும் அவ்வசைவுகள் ஒவ்வொன்றும் ஓர் அடியாகவோ தடுப்பாகவோ பிறந்தவையே. சிகொங் என்பதிலுள்ள ‘சி’ மூச்சையும் உயிர்ப்பையும் சுட்டும். ‘கொங்’ என்பது நாள்தோறும் உழைத்துப் பெறும் தேர்ச்சியைச் சுட்டும். நிற்றல், மூச்சை ஒழுங்குசெய்தல், மனத்தை ஒருமுகப்படுத்தல் ஆகியன அதன் கூறுகள். பூங்காவில் இவ்விரண்டும் அருகருகே, சில வேளைகளில் ஒரே குழுவினராலேயே பயிலப்படுகின்றன.

இக்கல்வி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய, ஷங்காய் நகரின் நெசவாலையொன்றில் முப்பது ஆண்டுகள் தறியோடு நின்ற ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயரிட வேண்டியதில்லை. 1990களில் அந்நகரின் ஆலைகள் பல மூடப்பட்டபோது வேலையிழந்து வீடுசென்ற பெருந்தொகையினருள் அவரும் ஒருத்தி எனக் கொண்டால் அமையும். சீனத்திற் பெண் தொழிலாளர் இளைப்பாறும் வயது நெடுங்காலம் 50 ஆகவே இருந்தது; 2025ஆம் ஆண்டு முதலே அது படிப்படியாக உயர்த்தப்படலாயிற்று. உடலில் வலு எஞ்சியிருக்கவே கைக்கு வேலை இல்லாமற்போன பெண்கள் பூங்காக்களில் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தத்துவ ஈடுபாடு காரணமாக அங்கே செல்வோர் மிகச் சிலர். தறியின் இரைச்சலால் மந்தமான செவியும், நெடுநேரம் நின்றதனால் நோவெடுத்த முழங்காலும், விடியுமுன் விழித்தெழும் பழக்கம் மாறாத கண்களுமே பெரும்பாலாரை அங்கு இட்டுச் செல்கின்றன.

1998ஆம் ஆண்டின் இளவேனிற் காலையொன்றில் அவர் முதன்முறை அங்கே போகின்றார் என்க. விண்ணப்பப் படிவம் இல்லை; கட்டணமும் இல்லை. மரங்களுக்கிடையே இருபது முப்பது பேர் நிற்கின்றனர். ‘நீர் யார்?’ என்று வினவுவாருமில்லை. யாரோ ஒருவர் தலையசைத்து, குழுவின் நடுவே ஓர் இடத்தைக் காட்டுகின்றார். கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கலாம் என்று எண்ணிவந்த அவருக்கு இது பெருஞ்சங்கடம். ஆனால் இதிலேதான் இக்கல்விமுறையின் நுட்பம் அடங்கியுள்ளது. தாய்ச்சியின் அசைவுத்தொடர் ஒரே திசையை நோக்கி நிகழ்வதன்று. இடப்புறமாகச் சென்று, பின்னோக்கி அடிவைத்து, உதைத்து, உடலைத் திருப்பி, வந்த வழியே மீளும். திரும்பும் அக்கணத்தில் முன்னின்ற ஆசிரியர் முதுகுப்புறத்தவராகிவிடுவார். விளிம்பில் நிற்பவருக்கு அப்பொழுது எதிரே மரங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் நன்கு தேர்ந்தோர் நான்கு மூலைகளிலும் நிற்க, புதியவர் நடுவிலே விடப்படுகின்றார். அவர் எத்திசையில் திரும்பினும் அத்திசையில் ஒரு முதுகு இருக்கும்.

இவ்வாறு நாற்புறமும் ஆசிரியராற் சூழப்பட்ட நிலையிலும் முதல் மாதம் வெட்கம் நிறைந்ததாகவே கழியும். பிறர் இடக்காலில் நிற்கும்போது அவர் வலக்காலில் நிற்பார். பிறர் முடித்த அசைவை அவர் அப்பொழுதுதான் தொடங்குவார். யாரும் நகைப்பதில்லை, யாரும் திருத்துவதுமில்லை. திருத்தாமை அக்கறையின்மையோ என அவருக்கு ஐயம் எழக்கூடும். குழு முழுவதும் ஒரே வேகத்திற் செல்லும் பொழுது ஒருவரைத் திருத்த நிறுத்தினால் ஓட்டம் அறுந்துவிடும் என்பதே உண்மைக் காரணம். தொடர் முடிந்தபின், வேர்வையைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலுள்ள மூதாட்டி அவரது முழங்காலைச் சற்று வெளிப்புறம் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீர்ப் போத்தலைத் திறப்பாள். அந்த ஒரு தள்ளல் முக்கியமானது. உடல் திரும்பும்போது முழங்காலும் பாதவிரல்களும் ஒரே திசையை நோக்காவிடின் மூட்டு முறுக்கிக்கொள்ளும். நூலையோ படத்தையோ பார்த்துத் தனியே பயின்றோர் பலர் முழங்கால் நோவோடு இக்கலையைக் கைவிட நேர்வது இதனாலேயே.

இக்குழுக்கள் பெரும்பாலும் பயிலுவது 24 அசைவுகள் கொண்ட சுருக்கத் தொடராகும். 1956இல் சீன அரசின் விளையாட்டுத்துறை ஆணைக்குழு தேர்ந்த ஆசிரியர்களைக் கொண்டு இதனைத் தொகுப்பித்தது. யாங் குடும்பத்தாரின் நீண்ட தொடரை ஆதாரமாகக் கொண்டு, மீள மீள வரும் பகுதிகளை நீக்கி, ஏறத்தாழ ஐந்தாறு நிமிடங்களில் முடிக்கத்தக்கதாக அமைக்கப்பட்டது. காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், முகில் போற் கைகளை அசைத்தல், கடலடியில் ஊசி தேடல் என்று அசைவுகளின் பெயர்கள் செல்கின்றன. பதினெட்டாவது அசைவின் பெயர் ‘அழகுநங்கை தறியோடம் செலுத்துதல்’ என்பது. ஒரு கை மேலெழுந்து நெற்றியைக் காக்க, மறுகை முன்னே செல்லும். முப்பது ஆண்டுகள் ஓடத்தின் போக்குவரவைப் பார்த்து நின்ற ஒருத்திக்கு இப்பெயரைக் கேட்டபொழுது என்ன தோன்றியிருக்கும் என்பதைக் கற்பனை செய்வது கடினமன்று. ஆலையை விட்டு வந்தும் தறி விடவில்லையே எனச் சிரித்திருக்கவும் கூடும்.

ஆயின் இக்கலை என்றும் இவ்வாறு திறந்தவெளியில் இருந்ததில்லை. அதன் வரலாற்றுக்குச் சான்றுகள் கிடைக்கும் இடம் ஹெனான் மாகாணத்திலுள்ள சென் குடும்பத்தாரின் கிராமமாகும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்னும் போர்வீரரோடு அது தொடர்புறுத்தப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தார் அதனைத் தம்முள்ளேயே காத்தனர். பிறகுலத்தவரான யாங் லூசான் (1799–1872) அங்குச் சென்று சென் சாங்சிங்கிடம் கற்று, பின்னர் தலைநகரிற் புகழ்பெற்ற ஆசிரியரானார். அவர் அவ்வீட்டில் வேலையாளாய் இருந்து, இரவிற் சுவரின் துவாரத்தினூடாகப் பார்த்தே கலையைத் திருடினார் என்றொரு கதை வழங்குகின்றது. அது கதையே, வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும் மக்கள் ஏன் அவ்வாறு ஒரு கதையைப் புனைந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. அறிவு சுவருக்கு அப்பால் இருந்தது என்பதும், அதனைப் பெற விரும்பியவன் ஒளிந்து நின்று முதுகுகளைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதும் அக்கதையின் உட்பொருளாகும். ஏகலைவன் கதையை அறிந்தோர்க்கு இவ்வேக்கம் புதிதன்று. சீனக் கதையில் கட்டைவிரல் கேட்கப்படவில்லை என்பது ஆறுதல்.

சுவர் இடிந்தது இருபதாம் நூற்றாண்டிலாகும். மஞ்சு அரசு வீழ்ந்து குடியரசு தோன்றிய 1912இலேயே பெய்ஜிங்கில் உடற்கல்வி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டு, யாங், வூ ஆகிய மரபினரின் ஆசிரியர்கள் அங்கே பொதுமக்களுக்குக் கற்பிக்கலாயினர். நலிந்த நாட்டை வலுப்படுத்த வேண்டும் என்ற தேசிய உணர்ச்சி இதன் பின்னணியில் நின்றது. யாங் லூசானின் பேரர் யாங் செங்ஃபு (1883–1936) பின்னர் ஷங்காயிலும் கற்பித்தார். அவர் கைப்பட்ட பின்னரே தாய்ச்சி இன்று காணப்படும் விரிந்த, சீரான, மெதுவான உருவத்தைப் பெற்றது. துள்ளல்களும் திடீர் வேகங்களும் குறைந்தன. அவருடைய பருத்த உடலே இதற்குக் காரணம் என்று சிலர் வேடிக்கையாகக் கூறுவர். ஐம்பது பேரை ஒரே வேளையில் வழிநடத்த வேண்டியிருந்தமையும் ஒரு காரணமாகலாம். குழு பெருகப் பெருக, அதன் கடைசி மனிதனும் செய்யக்கூடிய வேகத்திற்கே அசைவு இறங்கி வர வேண்டியிருக்கின்றது.

இம்மாற்றத்தாற் கலை குன்றியது எனப் பழைய மரபினர் குறைகூறுவர். அக்குறை முற்றும் பொய்யன்று. இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகள் தொட்டபடி, மற்றவரின் வலுவைத் தோலினாலேயே உணரும் ‘தள்ளுகை’ப் பயிற்சி பல பூங்காக் குழுக்களில் அருகிவிட்டது. தாய்ச்சியின் உயிர் அதிலேயே உள்ளது என்போர் உளர். எதிரியின் விசையை எதிர்க்காது ஏற்று, திசைமாற்றி விடும் திறன் தனியாக அசைந்து மட்டும் கைவராது. ஆயினும், குன்றாத நிறைகலை ஒரு கிராமத்தில் பத்துப் பேரிடம் இருப்பதற்கும், குன்றிய கலை கோடிக்கணக்கானோரின் காலையில் இருப்பதற்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யவேண்டின், நெசவாலைப் பெண்ணின் முழங்காலைக் கேட்டே விடைகூற வேண்டும்.

தமிழ் வாசகர் சிலர் இவ்விடத்திற் போதிதருமரின் பெயரை எதிர்பார்க்கக்கூடும். அவர் தென்னிந்தியர் எனப் பழைய சீனக் குறிப்பொன்று கூறுவது உண்மையே. காஞ்சிபுரத்திலிருந்து சென்ற அவரே சீனர்க்கு மூச்சுப்பயிற்சியும் போர்க்கலையும் கற்பித்தார் என்ற கூற்றோ வேறு. அக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘தசைநார் மாற்றும் நூல்’ பதினேழாம் நூற்றாண்டளவில் தோன்றியது; அதன் முன்னுரைகள் பிற்காலத்தோராற் பழைய பெயர்களிற் புனையப்பட்டவை. சீனப் போர்க்கலை வரலாற்றை முதன்முதல் முறையாக ஆராய்ந்த தாங் ஹாவோ இத்தகைய ஐதிகங்களைத் தயவின்றிக் களைந்தார். தாய்ச்சியைத் தோற்றுவித்தவர் எனப்பட்ட சாங் சான்ஃபெங் என்னும் தாவோ துறவியின் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம்மவர் பெருமையையும் சான்று கேட்டு நிறுத்தும் துணிவு அவரிடம் இருந்தது. தமிழர்க்கு உரியதல்லாத பெருமையைத் தமிழர் தம் தலையில் ஏற்றிக்கொள்வதனால் ஆகப்போவது யாதுமில்லை.

உண்மைச் சான்று மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. 1973ஆம் ஆண்டின் இறுதியில், ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் அடக்கஞ்செய்யப்பட்ட ஒருவரின் கல்லறை அகழப்பட்டது. அங்கே கிடைத்த பட்டுச்சீலையொன்றில் 44 மனித உருவங்கள் வரையப்பட்டிருந்தன. நீட்டியும் வளைந்தும் கைகளை உயர்த்தியும் அவை நிற்கின்றன. ஆடவரும் பெண்டிரும் அவர்களில் உளர். முதியோரும் இளையோரும் உளர். இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. எனினும் அந்தச் சீலையை விரித்துப் பார்ப்பவருக்கு ஒரு பூங்காவின் காலைக் காட்சி நினைவுக்கு வராமற் போகாது.

சிகொங்கின் அண்மைக்கால வரலாறு இதைவிடச் சிக்கலானது. பழைய மூச்சுப்பயிற்சி முறைகள் பல பெயர்களில் வழங்கிவந்தன. அவற்றையெல்லாம் ‘சிகொங்’ என்ற ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது 1949ஐ அடுத்த காலமாகும். லியூ குய்சென் என்னும் கட்சி ஊழியர், தம் இரைப்பைப் புண் ஒரு கிராமத்தவரிடம் கற்ற பயிற்சியால் ஆறியதென நம்பி, அதனை வைத்தியமுறையாக வளர்த்தார். 1950களில் தாங்ஷானிலும் பெய்தாய்ஹவிலும் இதற்கென ஆரோக்கிய நிலையங்கள் ஏற்பட்டன. அங்குச் சென்றோர் பெரும்பாலும் அதிகாரிகள். நோயாளி படுக்கையில், வைத்தியர் அருகில் என்ற அமைப்பே நிலவியது. கலாசாரப் புரட்சியின் புயலில் அந்நிலையங்கள் மூடப்பட்டன, லியூவும் பதவியிழந்தார்.

அந்நிலையங்கள் மூடிக்கிடந்த வேளையிலேதான் குவோ லின் என்னும் ஓவியர் பெய்ஜிங்கின் தொங்தான் பூங்காவுக்கு வந்தார். கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். பாட்டனாரிடம் இளமையிற் கற்ற பயிற்சிகளை நினைவுகூர்ந்து, நடந்துகொண்டே பயிலும் முறையொன்றைத் தமக்கென வகுத்தார். மூக்கினால் அடுத்தடுத்து இருமுறை உள்ளிழுத்து ஒருமுறை வெளிவிட்டவாறு, உடலை இடமும் வலமும் மெல்லத் திருப்பி நடத்தல் என்பதே அதன் அடிப்படை. 1970களின் தொடக்கத்தில் அவர் அதனைப் பிறர்க்கும் கற்பிக்கத் தொடங்கினார். அறையில் ஒருவருக்கென்றன்றிப் பூங்காவில் குழுவாகக் கற்பித்தார். பலர் ஓரிடத்திற் கூடுவதே ஐயத்துக்குரியதாயிருந்த காலம் அது. பொலிசாரின் தொல்லைகள் அவரை விடவில்லை. இடம்மாறி இடம்மாறிக் கற்பித்தார். 1984இல் அவர் மறைந்தபோது அவரிடமும் அவர் மாணவரிடமும் கற்றோர் நாடெங்கும் இருந்தனர்.

குவோ லின் முறை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அன்று உரத்துக் கூறப்பட்டது. அக்கூற்றை ஏற்பதற்கில்லை. அவர் தாமே சத்திரசிகிச்சையின் துணையோடு வாழ்ந்தவர். மருந்தைக் கைவிட்டு மூச்சை மட்டும் நம்பியோர் உயிரிழக்க நேரும் என்பதை மறைத்தல் பாவமாகும். ஆயினும் அப்பூங்காவில் வேறொன்றும் நிகழ்ந்தது. புற்றுநோய் என்ற சொல்லையே நோயாளியிடம் உச்சரிக்காது மறைப்பது வழக்கமாயிருந்த சமூகத்தில், அந்நோயுற்றோர் பகல்வெளிச்சத்தில், ஒருவர் பின் ஒருவராக, மூச்சொலி கேட்க நடந்தனர். முன்னே செல்பவர் ஐந்தாண்டுகளுக்கு முன் நோயுற்றவர் என்பதை அறிந்தவாறே பின்னவர் அடியெடுத்து வைத்தார். ‘இந்நோயோடும் ஐந்தாண்டு வாழலாம்’ என்று எந்த வைத்தியர் சொல்வதைவிடவும், நடந்துசெல்லும் அந்த முதுகு தெளிவாகச் சொல்லியிருக்கும். 1989இல் ஷங்காயிற் புற்றுநோயிலிருந்து மீள்வோர்க்கென ஒரு கழகம் தோன்றியபோது, அதன் உறுப்பினர் கூடிப் பயின்றவற்றில் குவோ லினின் நடைப்பயிற்சியும் இடம்பெற்றமை இயல்பே.

1980கள் சிகொங் மோகத்தின் காலம். மண்டபங்களிலும் மைதானங்களிலும் ஆயிரக்கணக்கானோர் கூடினர்; மேடையில் நின்ற பெருங்குரு ஒருவர் தம் கையிலிருந்து ‘சி’யைக் கூட்டத்தின்மீது செலுத்துவதாகக் கூற, கேட்டோர் அழுதனர், ஆடினர், ஊன்றுகோல்களை எறிந்தனர். விஞ்ஞானிகள் சிலரும் இதற்குத் துணைபோயினர் என்பது வருந்தத்தக்கது. மைதானத்துக் கூட்டமும் பூங்காக் குழுவும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டிலும் பலர் கூடுகின்றனர். ஆனால் மைதானத்தில் எல்லாக் கண்களும் ஒரு முகத்தையே நோக்கின. அந்த முகம் நீங்கினாற் கூட்டத்திற்குப் பொருளில்லை. பூங்காவிலோ முகம் எவரும் காட்டுவதில்லை. ஆசிரியர் ஒருநாள் வராவிடினும் தொடர் நடைபெறும். இவ்வேறுபாட்டை ஆட்சியாளர் எப்பொழுதும் உணர்ந்தனர் எனச் சொல்வதற்கில்லை.

நெசவாலைப் பெண் தம் குழுவிற் சேர்ந்த அதே 1998ஆம் ஆண்டின் ஒக்டோபரில், பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் 10,000 பேர் ஒருங்கே தாய்ச்சி நிகழ்த்திக் காட்டினர். ‘தாய்ச்சி நன்று’ என்று 1978இல் தெங் சியாவோபிங் யப்பானிய விருந்தினர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததன் இருபதாம் ஆண்டு நினைவாக அது அமைந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அச்சதுக்கத்திற்கு அண்மையிலுள்ள ஆட்சித் தலைமையகத்தைச் சுற்றி வேறொரு பத்தாயிரவர், சிகொங் மரபில் எழுந்த ஃபாலுன் கொங் இயக்கத்தினர், ஓசையின்றிக் கூடி நின்றனர். யூலையில் அவ்வியக்கம் தடைசெய்யப்பட்டது. கைதுகளும் கடும் அடக்குமுறையும் தொடர்ந்தன. அந்தக் கோடையில் நாட்டின் பூங்காக்கள் பலவற்றில் ஏதேனும் ஒரு மூலை வெறுமையாயிற்று. நேற்றுவரை ஒலிப்பதிவு நாடாவின் இசைக்கு அசைந்தோர் இன்று அங்கு இல்லை. அருகே தாய்ச்சி பயின்றோர் அவ்வெறுமையைக் கண்டும் காணாதார்போல் தம் தொடரைச் செய்து முடித்தனர். அவர்களைக் குறைகூற வெளியிலிருப்போர்க்கு உரிமையில்லை. எனினும் அந்த மூலையைப் பற்றிக் கூறாது விடுதலும் முறையாகாது. 2003இல் அரசு நான்கு சிகொங் தொடர்களைத் தேர்ந்து செம்மைப்படுத்தி வெளியிட்டது. எட்டுப் பட்டுத்துண்டங்கள் எனப்படும் பாதுவான்ஜின், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைப் பின்பற்றும் ஐவிலங்கு விளையாட்டு ஆகியன அவற்றுட் சில. மேற்கூறிய தசைநார் நூலின் பயிற்சியும் அந்நான்கில் ஒன்றாக இடம்பெற்றது. ஐதிகம் உதிர்ந்தாலும் அசைவு எஞ்சும் போலும்.

இப்பயிற்சியாற் பயனுண்டா என்ற வினாவுக்கு, மோகத்தையும் வெறுப்பையும் ஒதுக்கிவிட்டு நோக்கிய ஆய்வுகள் உள. ஐக்கிய அமெரிக்காவின் அற்லாண்டா நகரில் 70 வயதைக் கடந்த 200 பேரைக் கொண்டு நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. ஒரு பகுதியினர் 15 வாரங்கள் தாய்ச்சி பயின்றனர். மற்றொரு பகுதியினர் கணினியோடு இணைந்த பொறியின்மீது தனித்து நின்று சமநிலை பயின்றனர். மூன்றாம் பகுதியினருக்கு வெறும் விளக்கவுரைகள். மீண்டும் மீண்டும் விழும் அபாயம் தாய்ச்சி பயின்றோரிடம் 47.5 வீதம் குறைந்திருந்தது. பொறிமீது நின்றோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. குழுவாக நின்றமையே இதற்குக் காரணம் என்று உடனே முடிவுகட்டுதல் பிழையாகும். பயிற்சியே வேறு அல்லவா? பார்க்கின்சன் நோயாளர் 195 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, சமநிலையைக் காப்பதில் தாய்ச்சி ஏனைய பயிற்சிகளிலும் மேம்பட்டதெனக் கண்டது. விழுதலைக் குறைப்பதில், தசைநீட்டற் பயிற்சியைவிட அது சிறந்ததாயினும் பாரந்தூக்கும் பயிற்சியை அது விஞ்சவில்லை. அற்புதம் எதுவும் இல்லை. முதுமையில் விழாதிருத்தல் அற்புதத்திற்குக் குறைந்ததன்று என்பதை இடுப்பெலும்பு முறிந்த முதியவரைப் பராமரித்த குடும்பத்தார் அறிவர்.

2020 பெப்ரவரியில் வூஹான் நகரின் தற்காலிக வைத்தியசாலையொன்றில், முகக்கவசமிட்ட கொரோனா நோயாளர் கட்டில்களுக்கிடையே வரிசையாக நின்று தாய்ச்சியும் பாதுவான்ஜினும் பயின்ற காட்சியை உலகம் கண்டது. தலைமுதல் கால்வரை வெண்கவச உடை தரித்த ஊழியர் முன்னின்று வழிகாட்டினர். அவர்களுக்கு முகமே இல்லை. அசைவு மட்டுமே இருந்தது. அவ்வாண்டின் திசெம்பரில் யூனெஸ்கோ நிறுவனம் தாய்ச்சியை மனிதகுலத்தின் கட்புலனாகாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

நெசவாலைப் பெண்ணை நடுவரிசையில் விட்டுவந்தது நினைவிருக்கலாம். மாதங்கள் செல்லச் செல்ல, அசைவுகளின் ஒழுங்கைக் கண்கள் மறந்தாலும் கால்கள் மறவாத நிலை அவருக்கு வாய்க்கின்றது. உடலின் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கியபின்னரே மற்றக் காலை எடுக்க வேண்டும் என்பதை அவர் யாரிடமும் கேட்டறியவில்லை. முன்னின்ற மூதாட்டியின் பருத்திச் சட்டை இடுப்பருகே மடிவதைப் பார்த்துப் பார்த்தே அது அவருக்கு விளங்கியது. அந்த முதுகின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அவர் அறிவார். முகத்தைத் தெருவிற் கண்டால் சட்டென அடையாளம் தெரியாமற்போகவும் கூடும்.

2000ஆம் ஆண்டின் இளவேனிலில், ஒரு காலை, அந்த மூதாட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எவரும் எதுவும் கூறவில்லை; வலப்புற மூலை மட்டும் வெறுமையாயிருந்தது. மூன்றாம் நாள், முன்னின்றவர் இவரைத் தலையசைத்து அந்த மூலைக்கு அனுப்பினார். தொடக்கம், பிடரி பிரித்தல், வெண்கொக்கு என்று தொடர் நகர்ந்தது. உதையும் முடிந்து குழு முழுவதும் திரும்பிற்று. அவருக்கு எதிரே இப்பொழுது முதுகு ஒன்றும் இல்லை. ஒரு மதிலும், அதன்மேற் சாய்த்துவைத்த துவிச்சக்கரவண்டிகளும், அவற்றுக்கு மேலே வெளுத்துவரும் வானமும் இருந்தன. பின்னால், யாரோ ஒரு புதியவரின் காலணி தவறான பக்கம் நகர்ந்து, தயங்கி, மீண்டும் சரியான பக்கம் வந்து நிற்கும் ஓசை கேட்டது. அவர் தம் அசைவைச் சற்று மெதுவாக்கினார்.